துருவைத் தின்னும் அமிலம் இரும்பை விட்டுவைக்குமா?

"அசிட்டில் போட்டால் துரு மட்டும்தான் போகுமா, இரும்பும் சேர்ந்து போகுமா?" மட்டக்களப்புக் கல்லடியில் என் மருமகன் நடத்தும் வெல்டிங் கடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். இரண்டும் போகும் என்பதே நேர்மையான பதில். துருவைக் கரைத்து முடித்த அமிலம் அடியில் இருக்கும் நல்ல இரும்பைக் கண்டதும் நின்றுவிடுவதில்லை. நிறுத்துவதற்கு நாங்கள்தான் அதற்குள் எதையாவது போட வேண்டும். தடுப்பான் என்று சொல்லப்படும் அந்தப் பொருள் பெரும்பாலும் ஒரு சேதனச் சேர்வையாக இருக்கும். காபன், ஐதரசனோடு நைதரசனோ கந்தகமோ சேர்ந்த ஏதோ ஒன்று. லீற்றருக்குச் சில கிராம் போதும்.

வளைகுடா நாடொன்றில், இரும்புக்கு நாகப் பூச்சிடும் ஆலையின் அமிலத் தொட்டிப் பகுதியில் பல வருடங்கள் வேலை செய்தவன் நான். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த அனுபவத்தைச் சீண்டுவாரில்லை. மருமகன் கடை திறந்த பிறகுதான் அதற்கு மறுபடி ஒரு மதிப்பு வந்தது.

மட்டக்களப்பில் இரும்பை நம்பிப் பிழைப்பது லேசான காரியம் அல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாடைக் காலத்தில் காற்றோடு உப்பு வருகிறது. கச்சான் காலத்து வெயில் பூச்சை வெடிக்க வைக்கிறது. 1924 இல் கட்டிய கல்லடி இரும்புப் பாலம் இன்னமும் நிற்கிறது என்றால் அது மறுபடி மறுபடி சுரண்டிப் பூசிய கைகளின் புண்ணியம். 2013 இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்த பின்தான் கிழவிக்கு ஓய்வு கிடைத்தது. வீட்டுக் கேற்றுக்கு அந்தக் கவனிப்பு எங்கே கிடைக்கப் போகிறது? துருவின் மேலேயே பூச்சு அடித்துவிட்டு, அடுத்த மழைக்கு அது பொருக்காக எழும்பியதும் பூச்சுக் கடைக்காரரைத் திட்டுவதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

துருவை எடுக்காமல் எந்தப் பூச்சும் நிலைக்காது. கம்பித் தூரிகை நெளிவு சுளிவுகளுக்குள் போகாது. மணல் பாய்ச்ச இயந்திரம் வேண்டும். மிச்சம் இருப்பது அமிலம். போத்தலில் விற்கும் 32 சதவீத ஐதரோகுளோரிக் அமிலத்தை அதே அளவு தண்ணீருக்குள் ஊற்றினால் (தண்ணீரை அமிலத்துக்குள் அல்ல) கிரில் துண்டுகள் முக்குவதற்கான தொட்டி தயார். ஆலைகளில் நடப்பதும் அளவில் பெரிதான இதே வேலைதான்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். துரு கரைவதும் இரும்பு கரைவதும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அவை வேறு வேறு காரியங்கள். துரு என்பது ஏற்கெனவே இலத்திரன்களை இழந்துவிட்ட இரும்பு. அமிலத்தின் ஐதரசன் அயன் அதிலிருக்கும் ஒட்சிசனைப் பிடித்து நீராக்குகிறது. இரும்பு குளோரைட்டாகக் கரைசலுக்குள் போகிறது. இலத்திரன் கைமாற வேண்டிய தேவையே இல்லை. உலோக இரும்பு அப்படிக் கரைவதில்லை. மேற்பரப்பின் ஓரிடத்தில் ஓர் இரும்பு அணு இரண்டு இலத்திரன்களை விட்டுவிட்டு அயனாகக் கழன்று போகிறது. இன்னோரிடத்தில் இரண்டு ஐதரசன் அயன்கள் அந்த இலத்திரன்களை வாங்கிக்கொண்டு வாயுக் குமிழியாகின்றன. கொடுக்கிற இடம் அனோட்டு, வாங்குகிற இடம் கதோட்டு. இரண்டில் ஒன்றை மறித்தால் மற்றதும் படுத்துவிடும். கொடுக்க ஆளிருந்தும் வாங்க ஆளில்லாவிட்டால் வியாபாரம் இல்லை.

அமிலம் துருவைத் தின்று இரும்பை விட்டுவைப்பதன் இரகசியம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தடுப்பான் மூலக்கூறு அமிலத்தைப் பலவீனப்படுத்துவதில்லை. தடுப்பான் போட்ட அமிலம் கையில் பட்டால் அதே எரிவுதான் எரியும். அந்த மூலக்கூறு வெறும் உலோகத்தின் மேல் போய் உட்கார்ந்து இலத்திரன் வியாபாரத்தைக் கெடுக்கிறது, அவ்வளவுதான். துரு கரைவதற்கு அந்த வியாபாரம் வேண்டியதில்லை என்பதால் அது பாட்டுக்குக் கரைகிறது.

ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். புதிய இரும்பின் மேல் உருட்டாலையிலிருந்தே வரும் நீலக் கறுப்புச் செதிலை அமிலம் முழுவதுமாகக் கரைத்து எடுப்பதில்லை. வெடிப்புகள் வழியே அடியில் இறங்கி, இரும்பைக் கொஞ்சம் அரித்து, செதிலைக் கிளப்பியும் விடுகிறது. அங்கே தடுப்பானை அள்ளிக் கொட்டினால் செதில் அசையாது. மருமகன் பொறுமையிழந்து, "மாமா, உங்கள் மருந்து அமிலத்தையே தூங்க வைத்துவிட்டது" என்று சொல்வது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

தடுப்பான் போடாவிட்டால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ நல்ல இரும்பு வீணாகக் கரைந்தால், 32 சதவீத அமிலத்தில் நான்கு கிலோவுக்கு மேல் அதோடு போய்விடும். சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 440 லீற்றர் ஐதரசன் வாயு வெளியேறும். வெல்டிங் பொறி பறக்கும் கொட்டகைக்குள் ஐதரசன் சேர்வது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. அதைவிடத் தினமும் கண்ணில் படும் கேடு ஒன்று உண்டு. குமிழி ஒவ்வொன்றும் மேலே வந்து வெடிக்கும்போது அமிலத் துளியையும் காற்றில் தெளித்துவிடுகிறது. கடையிலிருக்கும் துளைப்பான், சாவி, சுத்தியல் எல்லாவற்றிலும் ஒரே வாரத்தில் செம்மஞ்சள் பூக்கும். அமிலத் தொட்டி வைத்திருக்கும் கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது சுவரில் தொங்கும் ஆயுதங்களைத்தான். அவை துருவேறியிருந்தால் அங்கே தடுப்பான் இல்லை.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் இலத்திரனைப் பற்றி எதுவும் அறிந்திருக்கவில்லை. இலத்திரன் என்ற ஒன்று இருப்பதை ஜே. ஜே. தொம்சன் காட்டியதே 1897 இல்தான். அதற்கு இருபத்தைந்து வருடங்களுக்கு முன், 1872 இல், மரங்கோனி, ஸ்டெபனெல்லி என்ற இருவர் பசை, ஜெலற்றின், தவிடு ஆகியவற்றின் சாற்றை அமிலத்தில் கலந்தால் இரும்பு கரைவது குறைகிறது என்று காட்டினார்கள். 1895 இல் போல்ட்வின் என்பவர் உருக்குத் தகடுகளை அமிலத்தில் கழுவும்போது கரும்புக் கழிவுப் பாகும் தாவர எண்ணெயும் சேர்ப்பதற்குப் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார். 1900 இல் மாப்பொருளுக்கு அமெரிக்காவில் ஒன்று வந்தது. பசை, தவிடு, பாகு, எண்ணெய், மா: அடுப்படியிலும் மாட்டுக் கொட்டிலிலும் கிடக்கிற சாமான்கள்.

ஹிங்குராணை சீனி ஆலைப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தப் போல்ட்வினை நினைத்துக்கொள்வேன். சீனி பிரிந்த பின் மிஞ்சும் கறுத்த பாகில் நைதரசன் கொண்ட சேர்வைகளும் ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள கூழ்மப் பொருட்களும் இருக்கின்றன. இரும்பு தகுந்த மேற்பரப்பைக் காட்டினால் அவை ஒட்டிக்கொள்கின்றன. பசையும் ஜெலற்றினும் புரதங்கள். அவற்றின் அமினோக் கூட்டங்கள் அதே வேலையைச் செய்தன. எது ஒட்டியது, ஏன் ஒட்டியது என்று தெரியாமலே தொட்டியடியில் நின்றவர்கள் சரியானதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எண்ணெய்க் கிணறுகளின் கதை இதைவிட விறுவிறுப்பானது. பூமிக்கடியில் சுண்ணக்கல்லுக்குள் சிக்கியிருக்கும் எண்ணெயை எடுக்க, கிணற்றுக்குள் ஐதரோகுளோரிக் அமிலத்தை இறக்கிக் கல்லைக் கரைக்கலாம் என்று ஹெர்மன் பிராஷ் 1896 இலேயே காப்புரிமை எடுத்தார். ஆனால் கிணற்றுக் குழாயும் இரும்புதானே? யோசனை மூன்று தசாப்தங்களுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. 1932 இல் மிச்சிகனில் டௌ நிறுவனத்து ஆட்கள் அமிலத்தில் ஆசனிக் சேர்வையைக் கலந்து இறக்கினார்கள். குழாய் தப்பியது, எண்ணெய் வந்தது. ஆசனிக் கொடிய நஞ்சு. சுத்திகரிப்பு ஆலைகளின் ஊக்கிகளையும் அது கெடுத்தது. ஆகவே அடுத்து வந்த தசாப்தங்களில் நைதரசன் கொண்ட சேர்வைகளான அமீன்களும், நைதரசனில் நான்கு காபன் கிளைகள் தொங்கும் அமோனியம் உப்புகளும், புரோபார்ஜைல் அற்ககோல் போன்றவையும் அதன் இடத்தைப் பிடித்தன. ஆழத்துச் சூட்டில் பல தடுப்பான்கள் கைவிட்டுவிடும். புரோபார்ஜைல் அற்ககோல் இரும்பின் மேலேயே ஒன்றோடொன்று பிணைந்து படலமாகிவிடுவதால் தாக்குப்பிடிக்கிறது. அதுவும் நஞ்சுதான். எங்கள் ஊர் வெல்டிங் கடைக்கு அது வேண்டவே வேண்டாம்.

நாங்கள் போடுவது ஹெக்ஸமின். கொழும்பில் இரசாயனப் பொருட்கள் விற்கும் கடையிலிருந்து வரும் வெள்ளைத் தூள். போமல்டிகைட்டும் அமோனியாவும் சேர்ந்து உண்டாவது. மூலக்கூறு ஒன்றில் நான்கு நைதரசன். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரையாகவும் இது கொடுக்கப்பட்டிருக்கிறது; முகாம் அடுப்புகளுக்கு எரிபொருள் வில்லையாகவும் பயன்படுகிறது. அமிலத்தைச் சூடாக்கினால் இது உடைந்து மறுபடி போமல்டிகைட்டு கிளம்பும், அது மூக்கைப் பிளக்கும், உடலுக்கும் கேடு. குளிர்ந்த தொட்டிக்கு மட்டுமே இது சரி.

மூலக்கூறு இரும்பில் எப்படி ஒட்டுகிறது? நைதரசன், கந்தகம், ஒட்சிசன் அணுக்களில் பிணைப்பில் ஈடுபடாத தனிச்சோடி இலத்திரன்கள் உண்டு. இரும்பு அணுவில் நிரம்பாத இடங்கள் உண்டு. ஒன்று கொடுக்க மற்றது வாங்குகிறது. இது உறுதியான ஒட்டு. இன்னொரு வழி மின்னேற்றக் கவர்ச்சி. அமிலத்துக்குள் அமீன் ஒரு புரோத்தனை ஏற்று நேரேற்றம் அடைந்துவிடுகிறது. குளோரைட்டு அயன்கள் முன்கூட்டியே இரும்பில் படிந்து மேற்பரப்பை எதிரேற்றம் ஆக்கியிருப்பதால் அமீன் அங்கே இழுபட்டுப் போய் உட்காருகிறது. ஆகவேதான் ஐதரோகுளோரிக் அமிலத்தில் நன்றாக வேலை செய்யும் பல தடுப்பான்கள் சல்பூரிக் அமிலத்தில் சோம்பிக் கிடக்கின்றன. அங்கே துளி பொற்றாசியம் அயடைட்டு சேர்த்தால் நிலைமை தலைகீழாகும். அயடைட்டு குளோரைட்டை விட இறுக்கமாகப் படிந்து அமீனுக்கு இடம் போட்டுக் கொடுக்கும். (கறியுப்பில் சேர்க்கும் அயடின் இதற்குக் காணாது, முயன்று பார்க்க வேண்டாம்.) கராஜ்களில் பழைய பற்றரி அமிலத்தைக் கொட்டித் துருக் கழுவுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது சல்பூரிக் அமிலம். போதாக்குறைக்கு ஈயமும் அதில் கலந்திருக்கும். அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

ஒரு சதுர மீற்றர் இரும்பை ஒரே படையாக மூடுவதற்கு எவ்வளவு ஹெக்ஸமின் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மூலக்கூறு அரைச் சதுர நானோமீற்றர் இடத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் அரை மில்லிகிராம்கூட வராது. மேற்பரப்பு கரடுமுரடு என்று பத்து மடங்கு கூட்டினாலும் ஒரு சிட்டிகைக்குள் அடங்கும். பிறகேன் லீற்றருக்கு ஐந்து கிராம் போடுகிறோம்? மருமகன் இதைத்தான் கேட்டான். கல்முனை பஸ்ஸைக் காட்டி விளக்கினேன். ஆசனங்கள் ஐம்பதுதான். ஆனால் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். எந்த நேரம் பார்த்தாலும் எல்லா ஆசனமும் நிரம்பியிருக்க வேண்டுமானால் வெளியே ஏறுவதற்குக் காத்திருப்பவர்கள் தாராளமாக இருக்க வேண்டும். மூலக்கூறும் ஒட்டிய இடத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. கழன்று போகிறது, இன்னொன்று வருகிறது. வெப்பம் ஏறினால் இறங்குகிறவர்கள் கூடுகிறார்கள். இதைச் சமன்பாடாக எழுதியவர் ஏர்விங் லாங்மியூர். அப்போது மின்குமிழ் செய்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்துகொண்டு மேற்பரப்புகளை ஆராய்ந்தவர். மிச்சிகன் கிணற்றில் அமிலம் இறங்கிய அதே 1932 இல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உயர்தர வகுப்பில் புறத்துறிஞ்சல் என்று படித்து மறந்துபோனது இதுதான்.

வீட்டில் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சிறிய சோதனை ஒன்று. மெல்லுருக்குத் தகட்டில் ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, உப்புத்தாளால் மினுங்கத் தேய்த்து, நிறுத்து, நைலோன் நூலில் கட்டி இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் தொங்கவிடுங்கள். இரண்டிலும் ஒரே அமிலம். ஒன்றில் மட்டும் தடுப்பான். திறந்த முற்றத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். தடுப்பான் இல்லாத துண்டின் வெட்டிய ஓரத்தில்தான் முதல் குமிழிகள் தோன்றும். வெட்டும்போது நசுங்கிய இடம் அமிலத்துக்கு இளக்காரம். பிறகு குத்தூசி குத்திய இடமெல்லாம் குமிழி எழும்புவதுபோல முகம் முழுவதும் நிரம்பி, நூல் நடுங்க ஆரம்பிக்கும். வெளியே எடுத்தால் சாம்பல் நிறம். பெருவிரலால் துடைத்தால் கறுப்பு மசி ஒட்டும். இரும்பு போன பின் எஞ்சிய காபன் அது. மற்றத் துண்டு நேற்றுத் தேய்த்ததைப் போல மினுங்கிக்கொண்டிருக்கும். கழுவி, உலர்த்தி, நகைக்கடைத் தராசில் மறுபடி நிறுத்தால் வித்தியாசம் தெரியும். தடுப்பான் இல்லாதது இழந்த எடையில் எத்தனை சதவீதத்தை மற்றது மிச்சப்படுத்தியிருக்கிறது என்பதுதான் ஆய்வுக் கட்டுரைகளில் வரும் "வினைத்திறன்".

அந்தச் சதவீதத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. 90 சதவீதமும் 99 சதவீதமும் கேட்பதற்குப் பக்கத்துப் பக்கத்து எண்கள். முதலாவதில் பத்துப் பங்கு இரும்பு போகிறது, இரண்டாவதில் ஒரு பங்கு. வித்தியாசம் பத்து மடங்கு. ஒரு மணி நேரத்தில் எடுத்த எண்ணா, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு எடுத்த எண்ணா, 30 பாகையிலா 60 பாகையிலா என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கடந்த இருபது வருடங்களாக இந்தத் துறையில் மூலிகை அலை அடிக்கிறது. நஞ்சான செயற்கைச் சேர்வைகளுக்குப் பதிலாகச் செடி கொடிகளின் சாறு. வேப்பிலை, மருதோன்றி, பப்பாசி இலை, கீழ்க்காய்நெல்லி, தேயிலை என்று எங்கள் வீட்டு வேலிக்குள் இருப்பதெல்லாம் ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டன. கறிவேப்பிலைச் சாறு ஐதரோகுளோரிக், சல்பூரிக் அமிலங்கள் இரண்டிலும் மெல்லுருக்கைக் காப்பதாக இந்திய ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்டார்கள். எனக்குப் பிடித்தது மலேசிய ஆய்வொன்று. கண்டல் மரப் பட்டையிலிருந்து எடுத்த தனின் என்ற துவர்ப்புப் பொருள், அமிலத்தில் உருக்கைக் காக்கிறது என்று 2007 இல் காட்டினார்கள். எங்கள் வாவிக் கரையில் நிற்கும் கண்டலின் இனம்தான் அது. நைலோன் வருவதற்கு முன் பருத்தி வலைகளை உக்காமல் காக்க மீனவர்கள் தோய்த்ததும் இத்தகைய பட்டைச் சாயத்தில்தான். வலைக்குக் காவல் இருந்த சரக்கு இரும்புக்கும் காவல் இருக்கிறது என்பது சந்தோஷமான செய்தி. அதற்காகக் கத்தியோடு வாவிக்குப் புறப்பட வேண்டாம். சுனாமிக்குப் பின் நட்டு வளர்த்த கண்டல்கள் அவை. பட்டை உரிப்பதற்காக அல்ல. தனின் வேண்டுமானால் தேயிலைத் தூசியிலும் மரமுந்திரிகைப் பருப்பின் செந்தோலிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது.

தேயிலைச் சாயத்தை நானும் போட்டுப் பார்த்தேன். குமிழி குறைந்தது உண்மை. ஆனால் தொட்டி சில நாட்களில் மையாகக் கறுத்துவிட்டது. கரைந்திருந்த இரும்போடு தனின் சேர்ந்ததன் விளைவு. எடுத்த பொருளில் கறை, அதன் மேல் பூச்சு அடிக்க மறுபடி கழுவ வேண்டும். கடைக்காரன் கண்ணில் அது மருந்தல்ல, தொல்லை. (துருவின் மேல் தனினைத் தடவி நீலக் கறுப்புப் படையாக்குவது வேறு வேலை, அதற்குக் கடைகளில் திரவம் விற்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.) இலைச் சாறுகளுக்கு இன்னும் குறைகள் உண்டு. வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மாரியில் பறித்த இலையும் கோடையில் பறித்த இலையும் ஒரே சரக்கு அல்ல. சாற்றில் இருக்கும் ஐம்பது சேர்வைகளில் எது காவல்காரன் என்று தெரியாமல் அளவு சொல்ல முடியாது.

ஆயினும் என் பெரிய மனத்தாங்கல் இது அல்ல. நான் பார்த்தவரை இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை புத்தம்புது அமிலத்தில், மினுங்கத் தேய்த்த தகட்டில் நடக்கின்றன. உண்மையான தொட்டி அப்படி இருக்காது. ஆலையில் ஒரு தொட்டி அமிலத்தை லீற்றருக்கு 100 கிராமுக்கு மேல் இரும்பு கரையும் வரை நாங்கள் பயன்படுத்துவோம். பச்சை நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் மிதக்க, பாகுபோலக் கிடக்கும். அதில்தான் தடுப்பானின் சாயம் வெளுக்கும்.

துருவிலிருந்து கரைந்து வரும் இரும்பு மூன்று ஏற்றம் கொண்டது. அந்த அயன் நல்ல இரும்பைக் கண்டால் சும்மா விடாது. ஒரு இரும்பு அணுவை இரண்டு மூவேற்ற அயன்கள் சேர்ந்து பிடித்து, மூன்றுமே ஈரேற்ற அயன்களாகிப் போகின்றன. இதில் ஐதரசன் இல்லை. ஐதரசன் இல்லையென்றால் குமிழியும் இல்லை. தொட்டி சாந்தமாக இருக்கிறது, தடுப்பான் அருமையாக வேலை செய்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, இரும்பு ஓசைப்படாமல் மெலிந்துகொண்டிருக்கும். குமிழியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே, தராசைப் பார் என்று ஆலையில் எனக்கு மேலிருந்தவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஐதரசன் அயனுக்கு எதிராகத் திறமை காட்டும் பல தடுப்பான்கள் இந்த மூவேற்ற இரும்பிடம் தோற்றுப்போகின்றன.

இது ஆலைக்காரர் பிரச்சினை மட்டும் அல்ல. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்துப் புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலன்கள் இருக்கின்றன. கிணற்று நீரின் சுண்ணாம்பு குழாய்களுக்குள் கல்லாகப் படிகிறது. அதைக் கரைக்க அமிலம் ஓட்டுகிறார்கள். கல்லோடு துருவும் கரைந்து மூவேற்ற இரும்பு உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். ஓர் ஆலையில் வெறும் அமிலத்தை இரவு முழுக்க உள்ளே விட்டுவிட்டார்கள். காலையில் கல் போயிருந்தது. அடுத்த போகத்தில் குழாய் ஓட்டையானது. கொதிகலன் கழுவும் தேர்ந்தவர்கள் தடுப்பானோடு, மூவேற்ற இரும்பை ஈரேற்றமாக இறக்கிவிடும் தாழ்த்தும் பொருளொன்றையும் சேர்க்கிறார்கள். ஸ்ரானசுக் குளோரைட்டு, அஸ்கோபிக் அமிலம் போன்றவை. வேலை முடிந்ததும் சோடாக் கரைசலால் நடுநிலையாக்காமல் கொதிகலனை மூடமாட்டார்கள். நேரம் பார்க்க ஆள் நிற்பார். சல்பமிக் அமிலத் தூள் இவ்வேலைக்கு ஐதரோகுளோரிக் அமிலத்தை விடச் சாது என்பதையும் ஆலைக்காரர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

தயோயூரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தகமும் நைதரசனும் இரண்டும் இருப்பதால் இது பழைய நூல்களில் சிறந்த தடுப்பான் என்று வரும். இரும்பின் எடை இழப்பை அது குறைக்கும் என்பது சரிதான். ஆனால் அமிலத்தில் உடைந்து ஐதரசன் சல்பைட்டைக் கொடுக்கக்கூடியது. சல்பைட்டு இருக்குமிடத்தில் ஐதரசன் அணுக்கள் ஜோடி சேர்ந்து குமிழியாகப் போவதற்குப் பதில் தனித்தனியே இரும்புக்குள் நுழைகின்றன. சாதாரணக் கம்பிக்கு இதனால் பெரிய மோசமில்லை. வலிமை கூடிய உருக்குக்கு மோசம் உண்டு. வில்லுத் தகடு, தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறித்த போல்ட் போன்றவை ஐதரசனை வாங்கிக்கொண்டு வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் இருந்து, பாரம் ஏறி நாட்கள் கழித்து விறகு முறிவதுபோல் முறியும். எடை இழப்பில் 99 சதவீதம் காட்டிய தடுப்பான் இந்த விடயத்தில் எதிரியாகவும் இருக்கலாம். லொறிக்காரர் ஒருவர் வில்லுத் தகடுகளைக் கொண்டுவந்து, "தம்பி, கொஞ்ச நேரம் அசிட்டில் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டபோது மருமகன் மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவருக்குக் கோபம். கம்பித் தூரிகை பூட்டிய கிரைண்டரைக் கையில் கொடுத்து அனுப்பினோம்.

தடுப்பான் தொட்டிக்குள் மட்டும்தான் காவல். வெளியே எடுத்துக் கழுவிய இரும்பு, கல்லடிக் காற்றில், நீங்கள் தேநீர் குடித்து வருவதற்குள் மஞ்சள் பிடிக்கும். கழுவியதும் சலவைச் சோடாக் கரைசலில் முக்கி, துடைத்து, வெயிலில் சூடாக்கி, அன்றைக்கே அடிப்பூச்சு அடித்துவிட வேண்டும். நன்றாகக் கழுவாவிட்டால் அந்தத் தடுப்பான் படலமே பூச்சு ஒட்டுவதைக் கெடுக்கும். பாவித்த அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கி அடியில் படியும் சேற்றைத் தனியே எடுக்கிறோம். இரவில் வாவிக்குள் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மீன் வேண்டும்.

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் யாராவது இலைச் சாற்றில் ஆய்வு செய்ய யோசித்தால் என்னிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. புது அமிலத்தில் 95 சதவீதம் என்று எழுதி முடித்துவிடாதீர்கள். இரும்பு நிரம்பிய, பிசுக்குப் படிந்த பழைய அமிலத்தில் அதே சாற்றைப் போட்டு, நண்பகல் தகரக் கொட்டகைச் சூட்டில், ஒரு நாள் முழுக்க வைத்து நிறுத்துப் பாருங்கள். மரமுந்திரிகைச் செந்தோலில் தொடங்கலாம், ஆலைகளில் சாக்குக் கணக்கில் கிடக்கிறது. பழைய அமிலத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். எங்கள் தொட்டியிலிருந்தே தருகிறேன், மூடி இறுக்கமான கானும் சேர்த்து. பஸ்ஸில் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.